விளையாட்டு முடிந்த பின் எஞ்சுவது என்ன? தில்லியின் இரு பெருவிழாக்களும் தலித் மக்களின் கணக்கும்

2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோ நகரில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுப்பேரவை, 2030ஆம் ஆண்டுப் போட்டிகளை நடத்தும் உரிமையை அகமதாபாத் நகருக்கு வழங்கியது. 1930இல் கனடாவின் ஹாமில்டனில் தொடங்கிய இப்போட்டிகளின் நூற்றாண்டு விழா அது. இதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2036 ஒலிம்பிக் போட்டிகளை நடத்த விரும்புவதாக இந்தியா பன்னாட்டு ஒலிம்பிக் குழுவுக்குக் கடிதம் அளித்திருந்தது. அறிவிப்பு வெளியான நவம்பர் 26, இந்திய அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட நாள். இந்தத் தற்செயல் ஒற்றுமை ஒரு கேள்வியை எழுப்புகிறது. இத்தகைய பெருவிழாக்களில் அரசமைப்புச் சட்டம் எந்த மக்களுக்கு உறுதியளித்ததோ அந்த மக்களுக்கு இதுவரை கிடைத்தது என்ன?

பன்னாட்டு விளையாட்டு அமைப்புகள் இன்று 'நீடித்த பயன்' என்ற சொல்லை ஓயாமல் பயன்படுத்துகின்றன. போட்டி நடத்தும் நகரத்துக்கு நல்ல பயன்களை விட்டுச் செல்வது தன் கடமைகளுள் ஒன்று என்று 2003இல் ஒலிம்பிக் சாசனத்திலேயே சேர்க்கப்பட்டது. அரங்குகள், மேம்பாலங்கள், மெட்ரோ இரயில், வேலைவாய்ப்பு, நாட்டின் மதிப்பு என்று அப்பயன்களின் பட்டியல் நீள்கிறது. பட்டியலில் வராத கணக்கு ஒன்று உண்டு. அது யார் கூலியிலிருந்தும், யார் நிதியிலிருந்தும், யார் நிலத்திலிருந்தும் இவை கட்டப்பட்டன என்ற கணக்கு. தில்லி 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளையும், 2010இல் காமன்வெல்த் போட்டிகளையும் நடத்தியது. அவ்விரண்டையும் கூலி, நிதி, நிலம் என்ற மூன்று கணக்குகளாக இக்கட்டுரை படிக்கிறது.

கூலி: ஒரு ரூபாய் பிடித்தமும் ஒரு தீர்ப்பும்

1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை தில்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அதற்கென ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம், மேம்பாலங்கள், வீரர்களுக்கான குடியிருப்பு எனப் பல கட்டுமானங்கள் குறுகிய காலத்தில் எழுந்தன. தொழிலாளர்கள் இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா ஆகிய மாநிலங்களிலிருந்து 'ஜமாதார்' எனப்படும் ஆள்பிடிக்கும் இடைத்தரகர்களால் அழைத்துவரப்பட்டனர். நிலமற்ற உழைப்பாளிகள், அதாவது பெருமளவில் தலித்துகளும் பழங்குடியினரும், கட்டுமானக் கூலிகளாக நகரங்களுக்கு வரும் பாதை இதுதான்.

மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் சமூக அறிவியலாளர்கள் மூவரை அனுப்பி இப்பணியிடங்களை ஆய்வு செய்தது. அவர்கள் கண்டவற்றை உச்ச நீதிமன்ற நீதிபதி பி. என். பகவதிக்கு ஒரு கடிதமாக எழுதியது. அக்கடிதமே ரிட் மனுவாக ஏற்கப்பட்டது. நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு என்பது அன்றைய குறைந்தபட்சக் கூலி. அதில் ஒரு ரூபாயை ஜமாதார்கள் தரகாகப் பிடித்துக்கொண்டனர். பெண்களுக்கு 7 ரூபாய் மட்டுமே கொடுக்கப்பட்டது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட சிறுவர்களும் வேலையில் இருந்தனர். இவையே மனுவின் மையக் குற்றச்சாட்டுகள்.

1982 செப்டம்பர் 18 அன்று நீதிபதிகள் பகவதி, பகருல் இஸ்லாம் ஆகியோர் வழங்கிய தீர்ப்பு இந்தியத் தொழிலாளர் சட்ட வரலாற்றில் ஒரு திருப்பம். அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. சவுக்கையும் சங்கிலியையும் கொண்டு வாங்கும் வேலை மட்டும்தான் கட்டாய உழைப்பா? பசியும் வறுமையும் வேறு வழியின்றி ஒருவரைக் குறைந்த கூலிக்குத் தள்ளினால், அதுவும் கட்டாயமே என்றது நீதிமன்றம். ஆகவே, குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழான கூலிக்கு வேலை வாங்குவது 23ஆம் பிரிவை மீறுவதாகும். கட்டுமானத் தொழில் ஆபத்தான தொழில் என்பதால் 24ஆம் பிரிவின்படி அதில் சிறுவர்களை ஈடுபடுத்தக் கூடாது என்றும் தீர்ப்பு கூறியது. ஒப்பந்தக்காரர் செய்த மீறலுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அரசு அமைப்புகள் கைகழுவ முடியாது என்பதும் நிலைநாட்டப்பட்டது. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு உட்பட இத்தகைய உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்ற விளக்கமும் இத்தீர்ப்பில்தான் தெளிவாக வருகிறது.

தலித் வாசகருக்கு இதன் பொருள் இன்னும் ஆழமானது. 23ஆம் பிரிவு 'பேகார்' என்ற சொல்லைப் பெயர் சொல்லித் தடை செய்கிறது. தமிழில் அதற்கு ஈடான சொல் 'வெட்டி'. கூலியின்றிச் செய்தே தீர வேண்டிய ஊர் ஊழியம் அது. மகாராஷ்டிரத்தில் மகர்கள் மீது சுமத்தப்பட்டிருந்த வத்தன் ஊழியமும் இவ்வகையே. அதைத் திருத்த அண்ணல் அம்பேத்கர் 1928இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். சேரிகளின் மீது நூற்றாண்டுகளாகச் சுமத்தப்பட்ட வெட்டி ஊழியத்தை ஒழிக்க எழுதப்பட்ட பிரிவு, தலைநகரின் நவீன விளையாட்டரங்கக் கட்டுமானத்தில் மீறப்பட்டது. அந்த மீறலை எதிர்த்துப் பெற்ற தீர்ப்பு, அரங்கத்தைவிட உறுதியாக இன்றும் நிற்கிறது.

ஆனால் தீர்ப்பு நின்றது, நடைமுறை நிற்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே நகரில், அதே அரங்கம் புதுப்பிக்கப்பட்டபோது, அதே அமைப்பு மீண்டும் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. 2010 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் முன்னாள் தூதர் அருந்ததி கோஷ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குறைந்தபட்ச ஊதியம் மறுப்பு, பாதுகாப்புக் கருவிகள் இன்மை, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாமை, மனிதர் வாழத் தகாத தங்குமிடங்கள் ஆகியவற்றை அக்குழுவின் அறிக்கை உறுதிப்படுத்தியது. 1982இன் குற்றச்சாட்டுகள் ஏறத்தாழ வரி மாறாமல் 2010இலும் இருந்தன.

நிதி: யாருடைய பணத்தில் விழா?

காமன்வெல்த் போட்டிகள் 2010 அக்டோபர் 3 முதல் 14 வரை நடைபெற்றன. இந்தியா 38 தங்கம் உட்பட 101 பதக்கங்களுடன் இரண்டாம் இடம் பெற்றது. பிறகு வெளியான முறைகேட்டுச் செய்திகள் ஊடகங்களை நிறைத்தன. 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, ஒட்டுமொத்தச் செலவு மதிப்பீட்டை 18,532 கோடி ரூபாய் என்றது. 2003இல் போட்டியை நடத்த விண்ணப்பித்தபோது, பாதுகாப்பும் பொதுக் கட்டமைப்பும் நீங்கலாகச் சொல்லப்பட்ட தொகை ஏறத்தாழ 1,200 கோடி மட்டுமே. பொதுநினைவில் எஞ்சியிருப்பது இந்த ஊழல் கதைதான். அதைவிட நமக்கு நெருக்கமான மற்றொரு கணக்கு அதன் நிழலில் மறைந்துபோனது.

அது சிறப்பு உட்கூறுத் திட்ட நிதியின் கணக்கு. பட்டியல் சாதியினருக்கான இத்திட்டம் 1979இல் தொடங்கியது. பின்னர் பட்டியல் சாதியினர் துணைத் திட்டம் எனப் பெயர் மாறியது. இதன் அடிப்படை எளியது. ஓர் அரசின் ஆண்டுத் திட்டச் செலவில், அங்குள்ள பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத பங்கை அவர்களின் முன்னேற்றத்துக்கெனத் தனியே ஒதுக்க வேண்டும். இந்நிதியை வேறு பணிகளுக்குத் திருப்பக் கூடாது. ஆண்டு முடிந்ததும் காலாவதியாகவும் விடக் கூடாது. தில்லியில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 17 விழுக்காடு. எனவே திட்டச் செலவில் நூறு ரூபாய்க்கு 17 ரூபாய் அவர்களுக்குரியது.

இப்பங்கில் 2006-07 முதல் 2010-11 வரையான ஆண்டுகளில் ஏறத்தாழ 744 கோடி ரூபாய் காமன்வெல்த் போட்டி தொடர்பான பணிகளின் கீழ் காட்டப்பட்டிருந்தது. வீட்டுவசதி மற்றும் நில உரிமைகள் வலையமைப்பு என்ற அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே இதை வெளிக்கொணர்ந்தது. தலித் மனித உரிமைகளுக்கான தேசிய இயக்கம் இதைப் போராட்டமாக்கியது. நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. 2010 ஆகஸ்ட் இறுதியில் மாநிலங்களவையில் பேசிய அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், நிதி திருப்பப்பட்டது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ 678 கோடி ரூபாய் என்பது அவர் சொன்ன கணக்கு.

எண்ணிக்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 744 கோடி என்பது 18,532 கோடியோடு ஒப்பிட்டால் சுமார் 4 விழுக்காடு. அந்தத் தொகை இல்லாமலும் போட்டிகள் நடந்திருக்கும். விழாவுக்கு அது சிறு தொகை. கல்வி உதவித்தொகைக்கும் விடுதிக்கும் காத்திருந்த மாணவருக்கோ அது படிப்பைத் தொடர்வதற்கும் கைவிடுவதற்கும் இடையேயான வேறுபாடு. எடுப்பவருக்குச் சிறியதாகவும் இழப்பவருக்குப் பெரியதாகவும் இருப்பதால்தான் இத்தகைய திருப்பல் எளிதாக நடக்கிறது, எளிதாக மறக்கவும்படுகிறது.

இது எவ்வாறு நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். பணம் எவர் பையிலும் போவதில்லை. கணக்கேட்டில் ஒரு தலைப்பின் கீழ் எழுதப்படுகிறது, அவ்வளவே. உதவித்தொகை, விடுதி, வீடு போன்ற திட்டங்களில் பயனாளி யார் என்று பெயர் சொல்ல முடியும். மேம்பாலத்திலும் அரங்கத்திலும் அவ்வாறு பிரிக்க முடியாது. இந்தப் பிரிக்கவியலாத் தன்மையே திருப்பலுக்கு வாசலாகிறது. 'சாலையில் எல்லோரும் செல்கிறார்கள். அவர்களில் 17 விழுக்காடு தலித்துகள். ஆகவே சாலைச் செலவில் 17 விழுக்காடு தலித்துகளுக்கான செலவே' என்பது இதற்கு அடிப்படையான வாதம்.

இதன் பிழை என்ன? குடிமக்கள் என்ற முறையில் சாலையும் குடிநீரும் மின்சாரமும் தலித்துகளுக்குப் பொது நிதியிலிருந்தே கிடைக்க வேண்டும். நூற்றாண்டுகளாக மறுக்கப்பட்டதால் உருவான இடைவெளியை நிரப்பவே தனி நிதி. அதைக் கொண்டு பொதுச் சாலை போட்டால், பிறருக்குக் கிடைக்கும் அதே சாலைக்குத் தலித்துகள் மட்டும் தம் ஈட்டுப் பணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று பொருள்.

இந்த வாதம் தில்லியோடு முடியவில்லை. கர்நாடகம் 2013இல் துணைத் திட்டத்துக்கெனச் சட்டம் இயற்றியபோதும், அதன் 7(டி) பிரிவு பிரிக்கவியலாக் கட்டமைப்புப் பணிகளின் ஒரு பகுதியைப் பட்டியல் சாதியினருக்கான செலவாகக் கருத இடமளித்தது. தலித் அமைப்புகளின் நெடுநாள் எதிர்ப்புக்குப் பின்னரே 2023இல் அப்பிரிவு நீக்கப்பட்டது.

2010இன் அம்பலம் ஒரு நல்ல விளைவையும் தந்தது. வழிகாட்டு நெறிகள் மட்டும் போதா, சட்டம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அது வலுச் சேர்த்தது. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் முன்னோடியானது. கர்நாடகம், தெலங்கானா, இராஜஸ்தான் எனப் பிற மாநிலங்களும் தொடர்ந்தன. தமிழ்நாடு 2024இல் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. ஒன்றிய அளவில் இன்னும் அத்தகைய சட்டம் இல்லை.

நிலம்: பாராபுல்லாவின் கரையில்

மூன்றாவது கணக்கு நிலத்தினுடையது. யமுனைக் கரையில் இருந்த புஷ்தா குடியிருப்புகள் 2004இல் இடிக்கப்பட்டன. அப்போது தொடங்கி 2010 வரை பல்வேறு பெயர்களில் வெளியேற்றங்கள் தொடர்ந்தன. 2004க்குப் பின் போட்டிகளின் பொருட்டுக் குறைந்தது இரண்டு இலட்சம் பேர் தில்லியில் வெளியேற்றப்பட்டனர் என்று வீட்டுவசதி மற்றும் நில உரிமைகள் வலையமைப்பின் 2011ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது.

இவற்றுள் ஒன்று நம் மொழி பேசிய மக்களின் கதை. ஜங்புரா பகுதியில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி, ஏறத்தாழ 35 ஆண்டுகளாகத் தமிழ்த் தலித் குடும்பங்கள் வாழ்ந்துவந்த குடிசைப்பகுதி ஒன்று இருந்தது. வீட்டுவேலை, துப்புரவு, கட்டுமானம் என அண்டை வசதிக் குடியிருப்புகளைச் சார்ந்தே அவர்களின் பிழைப்பு. 2010 ஏப்ரலில் அக்குடிசைப்பகுதி இடிக்கப்பட்டது. 350க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. அரங்கத்துக்கு வருவோரின் வாகனங்களை நிறுத்த இடம் வேண்டும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

அந்த வடிகாலின் மேல்தான் போட்டி வீரர்களை அரங்கத்துக்கு விரைவாகக் கொண்டுசெல்லும் பாராபுல்லா மேம்பாலச் சாலை கட்டப்பட்டது. தில்லியில் அன்றாடம் பல்லாயிரம் வாகனங்கள் அதில் செல்கின்றன. நீடித்த பயன் என்று எவரும் சுட்டிக்காட்டக்கூடிய கட்டுமானம் அது. ஆனால் அதன் கீழே வாழ்ந்தவர்களுக்கு நீடித்தது வெளியேற்றம் மட்டுமே. 2025 ஜூன் 1 அன்று அதே வடிகாலின் கரையில் இருந்த மற்றொரு தமிழர் குடியிருப்பான மதராசி முகாம், வடிகாலைத் தூர்வாருவதற்காக உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவையாக அறிவிக்கப்பட்டன. அவற்றுக்கும் வீடு ஒதுக்கப்பட்டது நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில். இந்த இடிப்புக்கும் போட்டிகளுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் மாநகரின் மதிப்புயர்ந்த நிலத்தில் தலித் உழைப்பாளி தங்க முடியாது என்ற நியதி விழா முடிந்த பின்னும் முடியவில்லை என்பதற்கு இது சான்று.

மறுபுறம், யமுனையின் வெள்ளச் சமவெளியிலேயே வீரர்களுக்கான குடியிருப்பு எழுந்தது. அதன் 1,168 அடுக்கக வீடுகள் போட்டிக்குப் பின் வசதி படைத்தோர் வாங்கும் சொகுசு வீடுகளாயின. கட்டுமான நிறுவனத்துக்குப் பண நெருக்கடி ஏற்பட்டபோது, தில்லி வளர்ச்சி ஆணையம் 2009இல் 333 வீடுகளை ஏறத்தாழ 767 கோடி ரூபாய்க்கு வாங்கிக் கைகொடுத்தது. ஆற்றங்கரையில் குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர் ஆனார். அடுக்ககம் கட்டியவருக்குப் பொதுப்பணம் துணை நின்றது.

மாணவர்களும் தப்பவில்லை. 2010 கோடையில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் பல கல்லூரி விடுதிகள் போட்டிக்கு வரும் விருந்தினருக்காகக் காலி செய்யப்பட்டன. மாணவர்கள் வெளியே அறை தேடி அலைந்தனர். வாடகைக்கு வீடு கேட்டால் சாதி விசாரிக்கப்படும் நகரில், விடுதி என்பது தலித் மாணவருக்கு வெறும் தங்குமிடம் அன்று, கல்விக்கான நுழைவாயில்.

அரங்கத்தின் கதியையும் சொல்ல வேண்டும். 2010க்காக ஏறத்தாழ 961 கோடி ரூபாயில் புதுப்பிக்கப்பட்ட நேரு அரங்கத்தை இடித்துவிட்டு அங்கு விளையாட்டு நகரம் ஒன்றை அமைக்கும் யோசனை 2025 நவம்பரில் வெளியானது. எதற்காகக் கூலி குறைக்கப்பட்டதோ, நிதி திருப்பப்பட்டதோ, குடிசைகள் அகற்றப்பட்டனவோ, அந்தப் பயனே நிலையானதாக இல்லை.

2030ஐ எப்படி எதிர்கொள்வது?

அகமதாபாத் அறிவிப்புக்கு ஐந்து நாள்கள் முன்பு, 2025 நவம்பர் 21 அன்று, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1982 தீர்ப்பு எந்தச் சட்டங்களை ஊன்றி நின்றதோ, அந்தக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், சம ஊதியச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் ஆகிய அனைத்தும் இத்தொகுப்புகளுக்குள் கரைக்கப்பட்டுவிட்டன. ஒப்பந்தத் தொழிலாளருக்கான பாதுகாப்பு முன்பு 20 பேரைக் கொண்ட நிறுவனத்துக்கே பொருந்தியது. இப்போது 50 பேர் வேண்டும். புலம்பெயர் தொழிலாளர் தொடர்பான வரம்பு 5இலிருந்து 10 ஆகியுள்ளது. சிறு சிறு உள்ஒப்பந்தங்களாகப் பிரிக்கப்படும் கட்டுமானத் துறையில், இந்த எண் மாற்றம் எத்தனை பேரைச் சட்டத்தின் வெளியே தள்ளும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. எஞ்சி நிற்கும் உறுதியான அரண் 23ஆம் பிரிவும் அதற்கு 1982இல் கிடைத்த விளக்கமுமே.

ஆகவே செய்ய வேண்டியவை சில தெளிவாக உள்ளன. முதலாவது, நிதிநிலை அறிக்கையைப் படிப்பது. ஒன்றிய அரசின் நிதிநிலை ஆவணங்களில் பட்டியல் சாதியினர் நலனுக்கான ஒதுக்கீடு 10ஏ என்ற அறிக்கையில் துறைவாரியாகத் தரப்படுகிறது. மாநில அரசுகளும் தம் ஒதுக்கீட்டை வெளியிடுகின்றன. இப்போதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் எந்தத் தலைப்பின் கீழ் எவ்வளவு எழுதப்படுகிறது என்பதைத் தொடர்ந்து குறித்துவைக்க வேண்டும். 2010இல் உண்மை வெளிவந்தபோது பணம் செலவாகி முடிந்திருந்தது. இம்முறை நம்மிடம் காலம் இருக்கிறது.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தக்காரர் பட்டியல், ஊதியப் பதிவேடு, நல வாரியப் பதிவு, விபத்துப் பதிவேடு ஆகியவற்றைக் கட்டுமானம் நடக்கும்போதே கேட்பது. மூன்றாவது, வெளியேற்றம் எந்தப் பெயரில் வந்தாலும், கணக்கெடுப்பு, மாற்று இடம், அதன் தொலைவு ஆகியவற்றை இடிப்புக்கு முன்பே முடிவு செய்யக் கோருவது. நான்காவது, துணைத் திட்ட நிதிக்கு ஒன்றியச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையை மீண்டும் முன்னிறுத்துவது. அதில் பிரிக்கவியலாப் பணிகளைக் கணக்கில் சேர்க்க இடமளிக்கும் பிரிவு எதுவும் இருக்கக் கூடாது.

விளையாட்டுக்கு எதிரான வாதம் அன்று இது. தலித் இளைஞர்கள் ஓடவும் ஆடவும் வெல்லவும் அரங்குகள் வேண்டும், பயிற்சியாளர்கள் வேண்டும், ஊர்ப் பள்ளிகளில் மைதானம் வேண்டும். நம் மறுப்பு, அந்த அரங்கின் விலையை அதில் நுழையவே முடியாதவர்களிடம் வாங்குவதன் மீதுதான். 1982இல் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் பிடிக்கப்பட்ட தொழிலாளரின் வழக்கு, நாட்டின் எல்லாத் தொழிலாளருக்கும் பொருந்தும் உரிமையாக மாறியது. 2010இல் திருப்பப்பட்ட 744 கோடி, மாநிலங்களில் சட்டங்களாக மாறியது. தில்லியின் இரு விழாக்களும் நமக்கு விட்டுச்சென்ற நீடித்த பயன் இவையே. இவற்றை விளையாட்டு அமைப்பாளர்கள் வழங்கவில்லை. கேள்வி கேட்டவர்கள் பெற்றுத் தந்தார்கள். 2030க்கான கேள்விகளை இன்றே கேட்கத் தொடங்க வேண்டும்.